மூன்று பேர் சொன்ன சம்மதம்

ஜனவரி 19

பெனிட்டா இன்றைக்கும் அழுதாள். சென்டர் மாடிப்படியில், எல்லாரும் ஏறி இறங்கும் இடத்தில் உட்கார்ந்து அழுதாள். சூப்பர்வைசர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். "வீட்டுக்குப் போம்மா, நாளைக்கு வந்தாப் போதும்" என்றார். அவள் பார்த்த அதே வீடியோவை நானும் பார்த்தேன். பார்த்து, பட்டனை அமுக்கி, மதியம் தயிர்ச்சாதம் சாப்பிட்டு, டிபன் பாக்சைக் கழுவி வைத்தேன். என்னிடம் யாரும் தண்ணீர் நீட்டவில்லை.

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தக்காளிப் படத்தைப் பார்த்தால் தக்காளி, ஆட்டோவைப் பார்த்தால் ஆட்டோ. ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு வேறு திரையில் உட்கார வைத்தார்கள். மனிதன் மனிதனுக்குச் செய்யும் கேவலம் அத்தனையும் அதில் வரும். எது எவ்வளவு மோசம் என்று நாங்கள் பார்த்து அடையாளம் வைக்க வேண்டும். அதைப் படித்துத்தான் எங்கோ ஒரு நாட்டில் செயற்கை நுண்ணறிவு நல்ல பிள்ளையாகப் பேசுகிறது.

ஒரு வீடியோ மூன்று பேருக்குப் போகும். இரண்டு பேர் ஒரே பதில் சொன்னால் அதுதான் உண்மை. மாற்றிச் சொன்ன மூன்றாவது ஆளுக்கு 'ஒத்தை' விழும். ஒத்தை அதிகமானால் வேலை போய்விடும். அதனால் இங்கே யாரும் தன் கண்ணில் பட்டதைச் சொல்வதில்லை. மற்ற இரண்டு பேர் என்ன சொல்வார்கள் என்று கணித்து அதையே சொல்வோம். என் குழுவில் பெனிட்டா, சண்முகவேல் அண்ணன், நான். அண்ணன் எதையும் ஒரு படி குறைத்துத்தான் அமுக்குவார். பெனிட்டா ஒரு படி கூட்டுவாள். எனக்கு இரண்டு பேரும் அத்துப்படி. எனக்கு ஒத்தை விழுந்து எத்தனையோ மாதம் ஆகிறது.

ஜனவரி 23

சென்னையிலிருந்து எங்கள் சங்கத்து நூர்ஜஹான் மேடம் வந்திருந்தார். கோவில்பட்டி பைபாஸ் பக்கத்து மண்டபத்தில் கூட்டம். விஷயம் பெரியது. உலக நாடுகள் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக்கு ஓர் ஒப்பந்தம் எழுதுகின்றன. அதை யார் செய்யலாம், எதற்குப் பயன்படுத்தலாம், கெடுதல் வந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் வரும். மார்ச்சில் ஜெனீவாவில் கூடுகிறார்கள்.

அதில் ஒன்பதாம் பிரிவு எங்களுக்கானது. கண்றாவிகளைப் பார்த்து இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் ஆட்களுக்கு மனம் கெட்டுப்போனால், அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், இயந்திரம் செய்த கம்பெனியே வைத்தியமும் ஓய்வும் கொடுக்க வேண்டும். கட்டாயம். இப்போது நாங்கள் கேட்டால் சென்டர்காரர் பெங்களூர் ஏஜென்சியைக் கேள் என்கிறார். ஏஜென்சி வெளிநாட்டுக் கம்பெனியைக் கேள் என்கிறது. அந்தக் கம்பெனிக்கு எங்கள் பெயரே தெரியாது. எல்லா நாடுகளும் சேர்ந்து பிடித்தால்தான் அந்தக் கம்பெனி பிடிபடும்.

ஜெனீவாவில் ஒரு தொழிலாளி எழுந்து பேச வேண்டும். இதைச் சொல்லும்போதே மேடம் பெனிட்டாவைப் பார்த்தார். பெனிட்டா கான்வென்ட்டில் படித்தவள். அவளுக்கு இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும், கண்ணீர் அதைவிட. அவள் அண்ணன் குவைத்தில் இருக்கிறான், அந்த வீட்டில் எல்லாரிடமும் முன்பே பாஸ்போர்ட்டும் இருக்கிறது.

நான் கை தூக்கினேன். "நானும் பேசுவேன் மேடம். பிரிவு ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன்."

"நல்லது முப்பிடாதி. உனக்கு என்ன பாதிப்பு இருக்கும்மா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

"அப்பிடியா" என்று பெனிட்டா, சண்முகவேல் அண்ணன் பெயர்களுக்குக் கீழே என் பெயரை மூன்றாவதாக எழுதிக்கொண்டார். இந்த உலகத்தில் வாய் திறந்து நியாயம் கேட்கவும் முதலில் உடைந்து காட்ட வேண்டியிருக்கிறது.

ஜனவரி 24

வீட்டில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டேன். வீடு சின்னது, இடம் அடைக்கின்றன. இழுத்தால் தரையில் அந்தக் கிரீச் சத்தம் வேறு. அம்மா திட்டினாள்.

பிப்ரவரி 1

அக்கா குழந்தையோடு வந்திருக்கிறாள். "சித்திட்ட போ, சித்திட்ட போ" என்று என் மடியில் போட வந்தாள். எனக்குச் சளி என்று சொன்னேன்.

"உனக்கு என்னட்டி எப்பப் பாத்தாலும் சளி? போன வாரம் வந்தப்பவும் இதத்தான் சொன்ன."

"ஏசில உக்காந்தாச் சளி பிடிக்கத்தான் செய்யும்."

பெனிட்டா அவள் அத்தையிடம் கம்பளிக் கோட்டு கடன் வாங்கியிருக்கிறாள். ஜெனீவாவில் குளிருமாம். இன்னும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. கோட்டு வந்துவிட்டது.

பிப்ரவரி 7

சங்க அறையில் ஒத்திகை. மூன்று பேரும் பேசிக் காட்ட வேண்டும். சண்முகவேல் அண்ணன் எழுந்து நின்று, "எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ரெண்டு பிள்ளைக. நல்லதே நடக்கணும்" என்று உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்பதாம் பிரிவின் ஓட்டைகளைச் சொன்னேன். எந்த நாடு எதை எதிர்க்கிறது, ஏன் எதிர்க்கிறது, எல்லாம் சொன்னேன். மேடம் தலையாட்டினார். பிறகு பெனிட்டா பேசினாள். தூங்க முடியவில்லை என்றாள். சர்ச்சில் உட்கார்ந்தால்கூட கண்ணுக்குள் அது ஓடுகிறது என்றாள். சரியான இடத்தில் குரல் உடைந்தது. மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கீழே இறங்கும்போது சொன்னேன், "நல்லா அழுத. ஜெனீவால மைக் ரெண்டு நிமிசந்தானாம். ஒரு நிமிசத்துலயே ஆரம்பிச்சிரு."

அவள் படியில் நின்றுவிட்டாள். "ஏட்டி, நான் நடிக்கேன்னு சொல்லுதியா?"

"நான் எங்க சொன்னேன்? நீயே சொல்லிக்கிடுத."

"உனக்கு வேணும்னா நீ போ. எனக்கென்ன, அங்க போயி ஆப்பமா சுட்டுத் தரப்போறாக?"

"குடுத்தா வேண்டாம்னு சொல்லமாட்டேன்."

"உனக்குக் குடுக்கமாட்டாக" என்றாள். பொய் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

பிப்ரவரி 8

பெனிட்டாதான்.

பிப்ரவரி 12

சென்னை. ஒப்பந்தக் குழுவிலிருந்து நேரில் விசாரிக்க வந்திருக்கிறார்கள். ஒரு விடுதியின் மூன்றாம் மாடி. யாருடைய நெருக்கடியும் இல்லாமல் பேச வேண்டும் என்று எங்கள் மூவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். குழுவின் ஆள் ஒருவர்தான், ஒதியம்போ, கென்யாக்காரர். அறை அறையாக அவரே வந்து கேட்டார். கூடவே மொழிபெயர்ப்பாளர். நல்ல மனிதர். அவர் ஊரிலும் எங்களைப் போல நிறையப் பேர் உண்டாம், அவர் தங்கை அதே வேலை பார்த்தவளாம். நான் எதிர்பார்த்து வந்தது ஒரு மிதப்பான ஆளை. கோபப்பட ஆள் கிடைக்கவில்லை.

முதலில் பாதிப்பைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு இதைக் கேட்டார். "ஒன்பதாம் பிரிவு கட்டாயம் என்று இருந்தால், இயந்திரம் செய்கிற சில பெரிய நாடுகள் ஒப்பந்தத்தை விட்டே போய்விடும். கம்பெனிகள் விரும்பினால் செய்யலாம் என்று மாற்றினால் எல்லாரும் உள்ளே இருப்பார்கள். முதல் படியாக இது உங்களுக்குச் சம்மதமா? உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்."

என் மனதில் இருந்தது 'முடியாது'. விரும்பினால் செய் என்று சொன்னால் எந்த முதலாளி செய்வான்? எங்கள் சென்டரில் ஃபேன் ரிப்பேர் பார்க்கவே மூன்று தடவை மனு கொடுக்க வேண்டும்.

ஆனால் வாய் உடனே வரவில்லை. அடுத்த அறையில் பெனிட்டா என்ன சொல்வாள் என்று யோசித்தேன். ஜெனீவா டிக்கெட் கையில் இருக்கிறது, கூட்டம் கலைந்துபோனால் டிக்கெட்டும் போகும், சம்மதம் என்றுதான் சொல்வாள். அண்ணன் யார் எதைக் கேட்டாலும் சரி என்பார். ஆக இரண்டு சம்மதம் விழுந்துவிட்டது. நான் மட்டும் இல்லை என்றால் என்ன ஆகும்? ஜெனீவா கிடைக்காத பொறாமையில் முறுக்குகிறாள் என்பார்கள்.

"சம்மதம்" என்றேன்.

ஒதியம்போ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார்.

இரண்டு பேரையும் சரியாகக் கணித்துவிட்டேன் என்று கீழே வரும்வரை ஒரு திருப்தி இருந்தது. அதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 13

ரயிலில் ஊர் திரும்பினோம். யாரும் அறையில் சொன்னதைப் பேசவில்லை. பெனிட்டா ஜன்னலோரம். எப்போதும் அவளுக்குத்தான் ஜன்னலோரம்.

பிப்ரவரி 20

நூர்ஜஹான் மேடம் ஃபோனில் கத்தினார். ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேரும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம். குழுவின் அறிக்கை வந்துவிட்டது. 'மூன்று சாட்சிகள், தனித்தனி அறையில், ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியாத நிலையில், ஒரே பதில் சொன்னார்கள். ஆகவே இது அவர்களின் உறுதியான கருத்து.' இதை வைத்துப் பெரிய நாடுகள் பிரிவை மாற்றச் சொல்கின்றனவாம். தொழிலாளிகளே கேட்டுக்கொண்டார்கள், நாங்கள் என்ன செய்வது என்கிறார்களாம்.

"எதுக்கும்மா சம்மதம்னு சொன்னீங்க? மூணு பேருமா?" என்று கேட்டு மேடம் வைத்துவிட்டார்.

நான் பெனிட்டாவைப் பிடித்துக்கொண்டேன். "ஃபிளைட் போயிரும்னு சொன்னியாக்கும்?"

"நான் ஏன் சொன்னேன்னு உனக்குத் தெரியாதா? உன்னாலதான் சொன்னேன்."

"என்னாலயா?"

"நீதான் ஊரு பூரா எனக்கு ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகலன்னு திரியுத. கட்டாயம் வேணும்னு நீ எதுக்குக் கேப்ப? நீ சம்மதம்னுதான் சொல்லுவ. அண்ணன் எப்பவுமே சரிம்பாரு. நான் மட்டும் முடியாதுன்னா, அழுமூஞ்சி அதிகப்படியாக் கேக்கான்னு நீயே சிரிப்ப."

சண்முகவேல் அண்ணன் கிளாசைக் கீழே வைத்தார். "நான் உங்க ரெண்டு பேரையும் நெனச்சேன் தாயி. ஒருத்திக்கு வெளிநாடு போகணும். இன்னொருத்திக்குக் கொறையே கெடையாது. சின்னப் பிள்ளைக சரின்னு சொல்லும்போது நான் எதுக்குக் கெடுக்கணும்னு..."

"ஒங்களுக்கு மனசுல என்ன இருந்துச்சு?"

"விருப்பம்னு விட்டா ஒருத்தனும் செய்யமாட்டான். இது தெரியாதா?"

"எனக்கும் அதான்" என்றாள் பெனிட்டா.

என் மனதிலும் அதுதான் இருந்தது. மூன்று பேரும் முடியாது என்று நினைத்து, மூன்று பேரும் சம்மதம் சொல்லியிருக்கிறோம். சுவர் வைத்துப் பிரித்தும் பழக்கம் போகவில்லை. உலகமே எங்கள் சொந்தக் கருத்தைக் கேட்டு ஆள் அனுப்பியபோது, ஒத்தை விழாமல் பார்த்துக்கொண்டோம்.

பெனிட்டா எழுந்து போகும்போது திரும்பிச் சொன்னாள். "நான் அழும்போது நீ தயிர்ச்சாதத்தத் தின்னுகிட்டே ஒரு பார்வை பாப்ப. உனக்கு மட்டும் எப்பிடிட்டி சாப்பாடு எறங்குதுன்னு நான் வயிறெரிஞ்சு செத்திருக்கேன்."

சிரிப்புதான் வந்தது. டீ ஆறிப்போய்விட்டது.

பிப்ரவரி 22

ஒதியம்போவிடம் மேடம் பேசியிருக்கிறார். வாக்குமூலத்தைத் திருத்தலாமாம். ஆனால் மூன்று பேரும் சேர்ந்து வந்து மாற்றினால் சங்கம் சொல்லிக்கொடுத்தது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். பெனிட்டாவின் பாதிப்பு ஏற்கெனவே பதிவில் இருக்கிறது, பாதிப்போடுதான் அவள் சம்மதமும் சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்கும் அப்படியே. இரண்டு பேரிடமும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதிப்பே இல்லை என்று சொன்ன சாட்சி ஒருவர்தான். அவர் சொன்னது தப்பு என்றால், ஏன் தப்பாகச் சொன்னார் என்று அவரே விளக்கினால், அறிக்கையைத் திறக்க வேண்டிவரும்.

"உன்னைக் கட்டாயப்படுத்தல முப்பிடாதி. உனக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லைன்னா விட்டுரு."

"அப்போ நான் ஜெனீவா போலாமா மேடம்?"

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பேர்ப்பட்டியல் முடிஞ்சுதும்மா. பெனிட்டாதான்."

பிப்ரவரி 23, 24, 25

வேலை. துணி துவைத்தேன். அக்கா குழந்தையின் காதுகுத்துக்குப் போகவில்லை.

பிப்ரவரி 26

சங்க அறை. மேசைமேல் லேப்டாப், அதில் ஒதியம்போ முகம், பக்கத்துக் கட்டத்தில் மொழிபெயர்ப்பாளர். மேடத்தை வெளியே போகச் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்று இங்கே முழுக்க எழுதப்போவதில்லை. பெனிட்டா மாடிப்படியில் அழுத அன்றைக்குப் பார்த்த அந்த வீடியோவைச் சொன்னேன். அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அது தரையில் இழுபடும் சத்தம் இருந்தது. ஒரு குழந்தை இருந்தது. அதற்குப் பிறகு நான் எங்கள் வீட்டுக் குழந்தையைத் தூக்கவில்லை. தூக்கினால் என் கைகள் என்ன செய்துவிடுமோ என்று பயம். என் கைகள் எதுவும் செய்யாது என்று தெரியும். தெரிந்தும் பயம். அன்றைக்கு அந்த வீடியோவுக்கு என்ன அடையாளம் வைத்தேன் என்றும் சொன்னேன். உச்சபட்ச மோசம் என்று வைக்கவில்லை. அண்ணன் குறைப்பார் என்று நானும் ஒரு படி குறைத்தேன். எனக்கு ஒத்தை விழவில்லை.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, "இப்போது உங்கள் பதில் என்ன?" என்றார்.

"முடியாது. கட்டாயம் என்றுதான் இருக்க வேண்டும். மற்ற இரண்டு பேர் என்ன சொன்னாலும்."

எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. அதையும் பெனிட்டாவுக்கே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மார்ச் 13

பெனிட்டா கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் அவள் தெருவே நின்றது. பாஸ்டர் ஜெபம் செய்தார். கடலைமிட்டாய் டப்பா டப்பாவாகக் கொடுத்தார்கள், ஜெனீவாவில் யார் தின்பார்களோ. நான் எதிர்ச்சாரியில் மெடிக்கல் ஷாப்பில் நின்று தலைவலி மாத்திரை வாங்கினேன். அவள் பார்த்துவிட்டாள். கை அசைத்தாள். நான் பாக்கிச் சில்லறையை எண்ணுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்தக் கோட்டு அவளுக்கு நன்றாக இருந்தது.

மார்ச் 17

சாயங்கால டீ நேரத்தில் சண்முகவேல் அண்ணன் ஃபோனில் நேரலை பார்த்தோம். பெரிய அரங்கு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பெயர்ப்பலகை, பேச வேண்டும் என்றால் அதை நிமிர்த்தி வைக்க வேண்டும். இயந்திரம் செய்கிற நாடுகள் பின்னால் வரிசை வரிசையாக ஆட்களை உட்கார வைத்திருந்தன. எங்களைப் போல வீடியோ பார்த்து அடையாளம் வைக்கிற நாடுகளில் சிலவற்றுக்கு ஒரே ஓர் ஆள்.

பெனிட்டா அழவில்லை.

"எங்கள் மூவரிடம் தனித்தனியாகக் கேட்டீர்கள். மூவரும் சம்மதம் என்றோம். எங்களில் ஒருவருக்கும் சம்மதம் இல்லை. மற்றவர் சொல்வதையே சொல்ல எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். அப்படிப் பழகியவர்கள் வைத்த அடையாளத்தைத்தான் உங்கள் இயந்திரங்கள் உண்மை என்று படித்திருக்கின்றன. இதற்கு முன் எங்களிடம் வாங்கிய பதில்களில் எத்தனை எங்களுடையவை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது." இங்கிலீஷில் இன்னும் கூர்மையாக இருந்தது.

ஒரு பெரிய நாட்டின் ஆள் எழுந்தார். பதிலை மாற்றிக்கொண்டே போகும் சாட்சிகளை வைத்துச் சட்டம் எழுத முடியாது என்றார். அவர் உட்கார்வதற்குள் இன்னொருவர், அதற்குள் மூன்றாமவர். பிறகு ஒதியம்போ பேசினார். கென்யா எழுந்தது. சின்னச் சின்ன நாடுகளின் பலகைகள் இன்னும் பல நிமிர்ந்தன. தலைவர் கடைசியில் சொன்னார்: 'கட்டாயம்', 'விருப்பம்' இரண்டும் அடைப்புக்குறிக்குள் நிற்கட்டும், அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வோம். அடுத்த கூட்டம் நைரோபியில், ஆகஸ்டில்.

"தோத்துட்டமா, செயிச்சிட்டமா?" என்றார் அண்ணன்.

"ரெண்டும் இல்ல. போன மாசம் விருப்பம்னு முடிஞ்சு கெடந்துச்சு. இப்ப முடியல."

"அது போதும்லா?"

போதாது. அந்தப் பேச்சைப் பேசியது நானாக இருந்திருக்க வேண்டும். இரண்டாவது தடவை நேரலை ஓடியபோது அவள் எந்த இடத்தில் மூச்சு விட்டாள் என்றுகூடக் கவனித்தேன்.

மார்ச் 18

ஜெனீவாவிலிருந்து கூப்பிட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

"நான் பேசியிருந்தா இன்னும் நல்லாப் பேசியிருப்பேன்."

அவள் சிரித்தாள், நன்றாகவே. "அதத்தான் நானும் அவுகட்ட சொன்னேன். அறிக்கையத் திருப்புனது அவ வாக்குமூலம், நான் வாசிச்சுக் காட்டுனவதான்னு. நைரோபிக்கு உன் பேரக் கேக்காக. நான் இனி வரமாட்டேம்ட்டி. என்னால முடியல. அந்த ரெண்டு நிமிசத்துக்குப் பெறகு பாத்ரூம்ல போயி..."

"சரி, சரி. விடு."

"போவியா?"

கோபம்தான் முதலில் வந்தது. இதையும் இவள் கையிலிருந்தா வாங்க வேண்டும்? முடியல என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள். எனக்கு அந்த வார்த்தையே நாக்கில் ஏறுவதில்லை.

"போவேன்" என்றேன். "நீ குடுத்ததுக்காக இல்ல."

"தெரியும்ட்டி. வச்சிருதேன், இங்க காசு ஏறுது."

மார்ச் 19

நைரோபியில் பேசினால் பெயர் வரும், முகம் வரும். சென்டர் வைத்துக்கொள்ளாது. அண்ணன் ஃபோனில் வந்தது, அம்மா வேலைக்குப் போகும் தீப்பெட்டி ஆபீஸ் ஆட்களின் ஃபோன்களிலும் வரும். யாரோ ஒருத்தி காட்டி அம்மா தெரிந்துகொள்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும். மாலை அம்மா வந்து, முகம் கழுவி, சுவரோரம் உட்கார்ந்ததும் சொன்னேன். தக்காளி இல்லை அம்மா என்றேன். வேறு என்ன பார்க்கிறேன் என்று மேலாகச் சொன்னேன். வெளிநாட்டில் போய் அதைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள், "அந்த பெனிட்டா பிள்ள, அவுக வீட்டுல இதச் சொல்லிட்டாளா?"

"அவ ஆரம்பத்துலயே சொல்லிட்டா."

"பெறகு நீ என்னத்துக்குட்டி இத்தன நாளு?"

சத்தம் போடவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெனிட்டா வீட்டிலும் அவள் அம்மா ஒரு நாள் இப்படிப் பார்த்திருப்பாள், அவளும் இப்படி எதிரில் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. அது சுலபமாக இருந்திருக்காது.

நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மேலாகச் சொன்னதை விட்டுவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.